மஞ்சளா, மயில்நீலமா? ஒரு கூடமும் இரண்டு நிறங்களும்

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கத்தை முதலில் தருகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

அவருடைய வீடு 1990-களின் நடுவில் கட்டப்பட்டது. வாசல் வடக்குப் பார்த்தது. கூடம் கிழக்கு மேற்காக 15 அடி, வடக்கு தெற்காக 12 அடி, உயரம் 10 அடி. சிவப்பு ஆக்சைடு தரை. மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல். கிழக்குச் சுவரில் சமையலறைக்குப் போகும் வழியும் அதை ஒட்டிக் குளியலறைக் கதவும் இருக்கின்றன. தெற்குச் சுவரில் கதவு, ஜன்னல் எதுவும் இல்லை. அந்தச் சுவரை ஒட்டித்தான் 78 வயதான மாமியாரின் கட்டில் கிடக்கிறது. மாமியாருக்கு ஒரு கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. மற்றக் கண்ணுக்கு இன்னும் செய்யவில்லை. வருகிற பொங்கலுக்குள் கூடத்துக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் நான்கு சுவருக்கும் அடர்ந்த மயில்நீலம் வேண்டும் என்று கைபேசியில் படம் அனுப்பியிருக்கிறான். அம்மாவின் விருப்பம் வெளிர் சந்தன மஞ்சள். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கணவர், "கீழே பாதி நீலம், மேலே பாதி மஞ்சள் அடித்துவிடலாம்" என்கிறார். நீலம் அடித்தால் வீடு கொதிக்கும் என்பது பெயிண்டரின் எச்சரிக்கை. தெற்கில் நீலம் வாஸ்துவுக்கு ஆகாது என்பது நாத்தனாரின் கவலை. பழைய சுவருக்குப் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) தேவையில்லை என்பது கடைக்காரரின் யோசனை. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "குளியலறையை ஒட்டிய சுவரின் அடியில் உப்பு பூத்து உதிர்கிறது, அதைப் பட்டி வைத்து மறைத்துவிடலாம்தானே?"

அன்புள்ள சகோதரிக்கு,

கூடத்தின் அளவு, திசை, ஜன்னல் இருக்கும் இடம், தரையின் நிறம், அங்கே யார் படுக்கிறார்கள் என்பது வரை நீங்கள் எழுதியிருப்பதால், பொதுவாக அல்லாமல் உங்கள் கூடத்துக்கென்றே பதில் சொல்ல முடிகிறது. அதற்கு நன்றி. இரண்டு நிறங்களில் ஒன்று சரி, மற்றது தவறு என்று தீர்ப்புச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கூடத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் சம இடம் இல்லை. எந்த நிறம் எந்தச் சுவருக்கு என்பதை மகனின் விருப்பத்தையும் உங்கள் விருப்பத்தையும் தராசில் வைத்து முடிவு செய்வதைவிட, அந்த அறைக்குள் வெளிச்சம் வரும் வழியையும் உங்கள் மாமியாரின் கண்களையும் வைத்து முடிவு செய்வது நல்லது. அப்படிப் பார்த்தால் குழப்பத்தில் பெரும்பகுதி தானாகத் தீர்ந்துவிடும்.

படத்தில் பார்த்த நிறமும் சுவரில் வரும் நிறமும்

உங்கள் மகன் அனுப்பிய படத்தில் அந்த நீலம் அழகாக இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் கைபேசித் திரை தானே ஒளியை வெளியிடும் பொருள். சுவரோ தன்மீது விழும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும் பொருள். எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதைக் குறிக்க ஒளி பிரதிபலிப்பு மதிப்பு என்று ஓர் அளவு உண்டு. பெயிண்டு நிறுவனங்கள் இதை எல்.ஆர்.வி. என்று குறிப்பிடுகின்றன. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. சுண்ணாம்பு வெள்ளை போன்ற நிறங்கள் 80-க்கு மேலே இருக்கும். நீங்கள் கேட்கும் வெளிர் சந்தனம் ஏறக்குறைய 70. அடர்ந்த மயில்நீலம் 8 முதல் 10 வரை. அதாவது, மஞ்சள் சுவர் வாங்கிய வெளிச்சத்தில் பத்தில் ஏழு பங்கை அறைக்குத் திருப்பித் தரும். நீலச் சுவர் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தனக்குள் வைத்துக்கொள்ளும்.

உங்கள் கூடத்தின் நான்கு சுவர்களும் சேர்ந்து, கதவு ஜன்னல்களைக் கழிக்காமல், 540 சதுர அடி வருகின்றன. நான்கிலும் நீலம் என்றால் சுவர்களின் சராசரி மதிப்பு 8-க்கு இறங்கிவிடும். தரை சிவப்பு ஆக்சைடு என்பதால் அதுவும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இருட்டானது. இருக்கும் ஒரே ஜன்னல் மேற்கில். வடக்கு வாசலுக்கு முன்னால் திண்ணைக் கூரை மறைக்கிறது. இந்த நிலையில் பகல் பத்து மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். தெற்குச் சுவர் 150 சதுர அடி. அதில் மட்டும் நீலம் அடித்து மற்ற மூன்றிலும் சந்தனம் அடித்தால் சராசரி சுமார் 53-இல் நிற்கும். நீலமும் கிடைக்கும், வெளிச்சமும் போகாது.

இன்னொரு செய்தி, உங்கள் மஞ்சளைப் பற்றி. ஷேடு கார்டில் இரண்டு விரல் அகலத்தில் வெளிறித் தெரியும் மஞ்சள், மூன்று நான்கு சுவர்களில் ஏறியதும் எதிர்பார்த்ததைவிட அழுத்தமாகத் தெரியும். ஒரு மஞ்சள் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி மஞ்சளாகவே எதிர்ச் சுவரில் விழுகிறது. அங்கிருந்து மறுபடியும் திரும்புகிறது. உங்கள் கூடத்தில் இதற்கு மேல் தரையும் சேர்கிறது. பிற்பகல் நான்கு மணி வெயில் மேற்கு ஜன்னல் வழியாகச் சிவப்புத் தரையில் விழும்போது, அங்கிருந்து எழும் செம்மை சுவரின் அடிப்பகுதியில் ஏறி, சந்தனத்தைச் செம்மஞ்சளாக்கிக் காட்டும். ஆகவே, கார்டில் உங்களுக்குப் பிடித்த சந்தனத்துக்கு ஒரு படி வெளிறிய, சற்றே மங்கலான அடுத்த ஷேடைத் தேர்ந்தெடுங்கள். சுவரில் வந்த பிறகு அதுதான் நீங்கள் மனத்தில் வைத்திருந்த நிறமாக இருக்கும். எலுமிச்சை போன்ற பளிச்சென்ற மஞ்சளைத் தவிர்த்துவிடுங்கள். அத்தகைய மஞ்சள்களுக்குச் சுவரை மறைக்கும் திறன் குறைவு, கூடுதல் பூச்சு கேட்கும். மேற்கு வெயில் நேராகப் படும் கிழக்குச் சுவரில் சீக்கிரம் வெளுக்கவும் கூடும். சந்தனம், காவி மஞ்சள் போன்ற மண்சார்ந்த மஞ்சள்களுக்கு இரும்பு ஆக்சைடு நிறமியே பெரும்பாலும் அடிப்படை. அது வெயிலைத் தாங்கும்.

நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது ஒன்றையொன்று மாற்றிக்காட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாரிஸ் நகரில் கோப்லான் என்ற அரச நெசவாலையின் சாயப்பிரிவுக்குத் தலைவராக இருந்த மிஷேல் யூஜீன் ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞரிடம், கறுப்பு நூலுக்குச் சாயம் சரியாக ஏறவில்லை என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்கள்தான் கறுப்பை மங்கலாக்கிக் காட்டின. 1839-இல் அவர் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். உங்கள் சிவப்புத் தரைக்கு மயில்நீலம் ஏறக்குறைய எதிர்நிறம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் தரை மேலும் சிவப்பாகவும் சுவர் மேலும் நீலமாகவும் தெரியும். ஒரு சுவரில் இது கண்ணுக்கு விருந்து. நான்கு சுவரிலும் என்றால், தினமும் அங்கேயே உட்கார்ந்திருப்பவருக்கு அலுப்பு.

மாமியாரின் கண்கள்

கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன இந்தச் செய்திக்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். உங்கள் குடும்பத்தில் மற்ற எல்லோரும் அந்தக் கூடத்தைக் கடந்து போகிறவர்கள். அங்கேயே இருப்பவர் அவர் ஒருவர்தான்.

வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. கண்மணியும் முன்போல விரிவதில்லை. அதனால் கண்ணின் உள்ளே சென்று சேரும் வெளிச்சம் இளம் வயதில் சென்றதில் சிறு பகுதியாகக் குறைந்துவிடுகிறது. கண்புரை முற்றிய கண்ணில் அந்த மஞ்சள் வில்லை முதலில் தடுப்பது நீல ஒளியைத்தான். எனவே, உங்கள் மகனுக்கு மயிற்கழுத்தாகத் தெரியும் நிறம், மாமியாரின் அறுவை செய்யாத கண்ணுக்கு ஏறக்குறையக் கறுப்பு. அறுவை முடிந்து செயற்கை வில்லை பொருத்தப்பட்ட கண்ணுக்கோ அதே சுவர் நன்றாகவே நீலமாகத் தெரியும். ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். அவரே வித்தியாசத்தைச் சொல்வார். ஓவியர் கிளாட் மொனே 1923-இல் ஒரு கண்ணில் கண்புரை அறுவை செய்துகொண்ட பிறகு, நிறங்கள் மாறித் தெரிவதாக மிகவும் சிரமப்பட்டார். நிறக் கண்ணாடி அணிந்து அதைச் சரிசெய்ய முயன்றார். நிறத்தோடு வாழ்ந்தவருக்கே அப்படி என்றால், நம் வீட்டுப் பெரியவர்கள் "ஏதோ இருட்டாக இருக்கிறது" என்று மட்டும் சொல்வதை நாம் பொருட்படுத்தாமல் விடக் கூடாது. மற்றக் கண்ணின் அறுவையை எப்போது செய்வது என்பதை அவருடைய கண் மருத்துவரிடம் கேளுங்கள். அது என் துறை அல்ல.

என் துறைக்குள் வருவது வேறொன்று. பார்வை மங்கியவர்கள் ஒரு பொருளின் எல்லையை நிறத்தைக் காட்டிலும் வெளிச்ச வேறுபாட்டைக் கொண்டே அடையாளம் காண்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் ஏற்ற கட்டடங்களுக்கான பிரிட்டன் தர வழிகாட்டி, சுவர், தரை, கதவு போன்ற அடுத்தடுத்த பரப்புகளுக்கு இடையே எல்.ஆர்.வி. வேறுபாடு குறைந்தது 30 புள்ளி இருக்க வேண்டும் என்கிறது. இந்த அளவுகோலை உங்கள் கூடத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று செய்திகள் தெரியவருகின்றன.

முதலாவது, கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சு போர்டு. இப்போது வெளிறிய சுவரில் வெள்ளை போர்டு இருக்கிறது. இரவில் மாமியார் சுவரைத் தடவித்தான் கண்டுபிடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தனம் அடித்தாலும் இதே நிலைதான் தொடரும். அந்தத் தெற்குச் சுவரில் நீலம் வந்தால், 80-க்கு மேல் மதிப்புள்ள வெள்ளை போர்டு 8 மதிப்புள்ள சுவரில் தனியாக எடுத்துத் தெரியும். அவருடைய மங்கிய கண்ணுக்கும் தெரியும். நீலத்தை உங்கள் மகன் அழகுக்காகக் கேட்டான். அந்த ஒரு சுவரில் அது பாட்டிக்கு உதவியாகவும் அமைகிறது.

இரண்டாவது, குளியலறைக் கதவு. சந்தனச் சுவரில் கிரீம் நிறக் கதவும் கிரீம் நிற நிலையும் இருந்தால், அரைத் தூக்கத்தில் எழுந்து வருபவருக்கு வாசல் எங்கே என்று தெரியாது. கதவை அப்படியே விட்டு, நிலையை மட்டும் அதே மயில்நீலத்தில் எனாமல் அடியுங்கள். செலவு சொற்பம், ஆனால் மொத்த வேலையிலும் மிகவும் பயனுள்ள பகுதி இதுவாக இருக்கும் என்பது என் எண்ணம்.

மூன்றாவது, ஓர் ஆபத்து. நீலச் சுவரும் சிவப்புத் தரையும் நமக்கு நேர்மாறான நிறங்களாகத் தெரிந்தாலும், ஒளியளவில் இரண்டும் ஒன்றே. மங்கிய கண்ணுக்குச் சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமல் இரண்டும் ஒரே இருட்டாகக் கலந்துவிடும். அந்தி நேரத்தில் கண் சிவப்பை இழக்கத் தொடங்குவதால் தரை இன்னும் இருண்டு தெரியும். ஆகவே தெற்குச் சுவரின் அடியில், தரையின் சிவப்பு சுவரில் ஏறி முடியும் இடத்துக்கு மேலே, 3 அங்குல உயரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை விடச் சொல்லுங்கள். காவியும் வெள்ளையும் மாறிமாறி வரும் கோயில் மதிலைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு அது உறுத்தாது.

நீங்கள் கேள்விப்பட்ட மற்றவை

நீலம் அடித்தால் வீடு கொதிக்கும் என்று பெயிண்டர் சொன்னது வெளிச்சுவருக்கும் மொட்டை மாடிக்கும் பொருந்தும். உட்சுவருக்குப் பொருந்தாது. வெயில் ஜன்னல் வழியே அறைக்குள் நுழைந்த பிறகு, எந்த நிறச் சுவரில் பட்டாலும் அதில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே வெப்பமாக மாறத்தான் போகிறது. உங்கள் கூடத்தைச் சூடாக்குவது கான்கிரீட் தளமும் மேற்கு வெயிலும். குளிர்ச்சி வேண்டுமென்றால் மாடித் தளத்துக்கு வெள்ளைப் பூச்சும், மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டியோ சன்ஷேடோ போடுவதுதான் வழி. திரைச்சீலையை உள்ளே தொங்கவிடுவதைவிட வெளியே மறைப்பது பல மடங்கு பயன் தரும்.

அடர்நிறம் அறையைச் சிறிதாக்கும் என்ற பேச்சும் முழு உண்மையன்று. வாசலில் நுழைந்ததும் எதிரே தெரியும் தூரச் சுவர் மட்டும் அடர்ந்திருந்தால், பக்கச் சுவர்களும் மேல்தளமும் வெளிறியிருக்கும்வரை, அறை குறுகித் தெரியாது. மேல்தளத்தை வெள்ளையாகவே விடுங்கள்.

வாஸ்து பற்றி நாத்தனார் சொன்னதை நான் மறுக்கவும் மாட்டேன், ஆதரிக்கவும் மாட்டேன். அது உங்கள் வீட்டு நம்பிக்கை. ஆனால் அந்தச் சுவரோரம் படுக்கப்போகிறவர் மாமியார். அவர் மனத்தில் ஒரு சஞ்சலம் இருந்தால், எவ்வளவு பொருத்தமான நிறமானாலும் அவருக்கு நிம்மதி தராது. அவரிடமே கேளுங்கள். அவர் தயங்கினால் அதே ஆழமுள்ள இலைப்பச்சையைத் தெற்குச் சுவருக்கு எடுத்துக்கொள்ளலாம். சுவிட்சு போர்டுக்கும் கதவு நிலைக்கும் நான் சொன்ன பயன் அப்படியே கிடைக்கும். செங்காவி மட்டும் வேண்டாம், தரையோடு ஒன்றிப்போகும்.

உங்கள் கணவரின் பாதிக்குப் பாதி யோசனைக்கு ஒரு நியாயம் உண்டு. பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் சுவரின் கீழ்ப்பகுதியை அடர்நிறமாக வைப்பது அழுக்குத் தெரியாமலிருக்கத்தான். ஆனால் உங்கள் கூடத்தில் சிவப்புத் தரைக்கு மேலே நாலடிக்கு நீலம் சுற்றி வந்தால், அறையின் கீழ்ப்பாதி முழுவதும் ஒரே இருட்டாகிவிடும். உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டம் அதுதான். அந்தக் கோடு ஜன்னலிலும் மூன்று திறப்புகளிலும் வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டுப் போவதும் நன்றாக இராது.

எந்தச் சுவர் என்று ஏன் இத்தனை வலியுறுத்துகிறேன்

"ஒரு சுவருக்கு மட்டும் அடர்நிறம்" என்று சொன்னதும் பலர் ஜன்னல் இருக்கும் சுவரையோ, டிவி இருக்கும் சுவரையோ தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். உங்கள் மேற்குச் சுவரில் நீலம் அடித்தால், இருண்ட சுவரின் நடுவில் வெள்ளையாக எரியும் ஜன்னலைப் பார்க்கும்போது கண் கூசும். கண்புரை உள்ளவருக்கு இந்தக் கூச்சம் பல மடங்கு. கிழக்குச் சுவர் ஜன்னலுக்கு எதிரே இருப்பதால், உள்ளே வரும் வெளிச்சத்தை அறை முழுவதும் பரப்பித் தருவது அதுதான். அதை இருட்டாக்குவது அறைக்கு வரும் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொள்வதற்குச் சமம். வடக்குச் சுவரில் வாசல் இருக்கிறது. வெளி வெளிச்சத்துக்கு அருகில் அதுவும் கண்ணைக் கூசச் செய்யும். மிஞ்சுவது தெற்கு. நுழைந்ததும் எதிரே தெரிவது, உடையாத முழுச் சுவர், மாமியார் படுத்தால் அவருக்குப் பின்னால் போய்விடுவது. பகல் முழுக்க அவர் பார்த்துக்கொண்டிருக்கப்போவது மற்ற மூன்று சந்தனச் சுவர்களைத்தான்.

தெற்குச் சுவரில் ஒரு சிக்கலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கட்டிலில் சாய்ந்து உட்காரும் பெரியவர்களின் தலையெண்ணெய் சுவரில் ஒரு வட்டமாகப் படியும். அடர்ந்த மேட் பெயிண்டில் அந்த வட்டம் பளபளப்பாகத் தெரியும். துடைத்தால் துடைத்த இடமும் மினுங்கும். எனவே கழுவத்தக்க, மிகக் குறைந்த பளபளப்புள்ள எமல்ஷனைக் கேட்டு வாங்குங்கள். கட்டிலையும் நாலு விரற்கடை தள்ளிப் போட்டு, தலைமாட்டில் ஒரு பலகை வையுங்கள். முழுப் பளபளப்பு வேண்டாம். மாலையில் மேற்கு ஜன்னல் வெளிச்சம் தெற்குச் சுவரில் சாய்வாக ஓடும். பழைய பூச்சின் மேடுபள்ளம் ஒவ்வொன்றும் அப்போது நிழலோடு தெரியும். அந்தச் சுவருக்குப் பட்டி வைத்து உப்புத்தாள் போடுவதில் மட்டும் பெயிண்டரை அவசரப்படுத்தாதீர்கள்.

விளக்கையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். நீங்கள் இப்போது வைத்திருக்கும் கூல் டேலைட் எல்.இ.டி. டியூப்லைட் 6500 கெல்வின். விளக்கொளியின் நிறச்சாயலைக் குறிக்கும் அளவு இது. அதன் கீழ் நீலம் துலங்கும், சந்தனம் பச்சை கலந்து வெளிறும். 3000 கெல்வின் வார்ம் ஒயிட் விளக்கின் கீழ் சந்தனம் பொன்னாக இருக்கும். நீலம் சாம்பல் பூத்து இருண்டுவிடும். இரண்டு நிறத்துக்கும் நியாயம் செய்வது 4000 கெல்வின் விளக்கு. பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண் 90 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கான அளவு அது.

பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்

உப்பு பூத்த இடத்தைப் பட்டி வைத்து மறைக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் உறுதியாக "வேண்டாம்". உப்பு தானாக வருவதில்லை. சுவருக்குள் நீர் புகுந்து, செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து, தான் ஆவியாகி உப்பை மட்டும் விட்டுப் போகிறது. நீர் வரும் வழி அடைபடாதவரை எந்த நிறமும், எந்த நிறுவனத்தின் பெயிண்டும் அங்கே நிற்காது. சுமார் ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளை அந்த இடத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். சுவரைத் தொட்டிருந்த பக்கத்தில் நீர்த்துளிகள் இருந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குளியலறைப் பக்கம் டைல் இடுக்குகள், தரைவடிகால் சேரும் இடம், சுவருக்குள் ஓடும் குழாய் ஆகியவற்றை ஒரு பிளம்பரை வைத்துச் சோதியுங்கள். கசிவை நிறுத்திய பிறகு, உப்பு தெரியும் மட்டத்துக்கு ஓரடி மேல்வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் புதிதாகப் பூச வேண்டும். புதுப் பூச்சு காய ஏறத்தாழ 28 நாள் ஆகும். அதற்கு முன் அடித்தால் சிமெண்டின் காரம் பெயிண்டைக் கெடுக்கும்.

இங்கேதான் பொங்கல் குறுக்கே வருகிறது. உங்கள் கடிதம் ஐப்பசி மழையில் எழுதப்பட்டிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை மார்கழி வரை இழுக்கும். அதற்குள் கிழக்குச் சுவர் உலர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை. மற்ற மூன்று சுவர்களைப் பொங்கலுக்கு முன் முடியுங்கள். கிழக்குச் சுவருக்குப் பண்டிகைக்காக வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்து, மாசியில் வெயில் ஏறிய பிறகு அதைச் சுரண்டிவிட்டுச் சந்தனம் அடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது. மஞ்சளை மட்டும் ஒரே தடவையில், ஒரே கலவையில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்து இயந்திரத்தில் மறுபடி கலந்தால், அதே எண்ணாக இருந்தாலும் மயிரிழை வித்தியாசம் வரலாம்.

பிரைமர் வேண்டாம் என்ற கடைக்காரரின் பேச்சைச் சுவரே தீர்மானிக்கட்டும். உலர்ந்த உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் மாவு ஒட்டினால் பழைய டிஸ்டெம்பர் இன்னும் இருக்கிறது என்று பொருள். அதைச் சுரண்டிக் கழுவாமலும் பிரைமர் அடிக்காமலும் எமல்ஷன் அடித்தால், டிஸ்டெம்பரோடு சேர்ந்து அதுவும் உரிந்து வரும். தெற்குச் சுவருக்கு, நீலத்துக்குச் சற்று நெருங்கிய சாம்பல் சாயலில் பிரைமரைக் கலந்து தரச் சொல்லுங்கள், பூச்சு மிச்சமாகும்.

பழைய கதவுகளிலும் நிலைகளிலும் உள்ள எனாமலைச் சுரண்டும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற இந்திய அரசின் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. 1990-களில் அடித்த எனாமலில் ஈயம் இருந்திருக்கலாம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட விடாதீர்கள்; தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லி, விழும் துகளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அந்த நாட்களில் மாமியார் வேறு அறையில் இருக்கட்டும்.

நிறத்தை உறுதி செய்வதற்கு முன் இரண்டடிக்கு இரண்டடி அளவில் இரண்டு ஹார்டுபோர்டுத் துண்டுகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தை இரண்டு பூச்சாக அடித்துக் காயவையுங்கள். எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு சாயல் அழுத்தமாகும். ஆகவே ஈரத்தில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. நீலப் பலகையைத் தெற்குச் சுவரிலும் மஞ்சளைக் கிழக்குச் சுவரிலும் தரையைத் தொடும்படி சாய்த்து வைத்து, காலை ஏழு மணிக்கும், நண்பகலிலும், வெயில் தரையில் விழும் பிற்பகலிலும், இரவு விளக்கின் கீழும் பாருங்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தடவை விளக்குப் போடாமலும் பாருங்கள். நீலப் பலகையின்மேல் ஒரு வெள்ளை சுவிட்சுத் தகடை வைத்து, கட்டிலில் படுத்தபடி தெரிகிறதா என்று மாமியாரைக் கேளுங்கள். மகன் ஊருக்கு வரும்போது இந்தப் பலகைகளையே அவனிடமும் காட்டுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, நல்ல வழவழப்பான சுவரில் இரண்டு பூச்சுக்கு ஒரு லிட்டர் எமல்ஷன் சுமார் 120 முதல் 140 சதுர அடி வரை வரும். திறப்புகளைக் கழித்தால் மூன்று சந்தனச் சுவர்களும் சேர்ந்து ஏறக்குறைய 305 சதுர அடி. 3 லிட்டர் போதும். நீலத்துக்கு மூன்றாவது பூச்சு தேவைப்படலாம் என்பதால் 150 சதுர அடிக்கு 2 லிட்டர் வாங்குங்கள். அடர்நிறங்களுக்கு லிட்டர் விலையும் சற்றுக் கூடுதல்தான். பெயிண்டரிடம் வேலையை ஒப்படைக்கும்போது எத்தனை பூச்சு, எந்தச் சுவருக்குப் பட்டி, எந்த ஷேடு எண், சதுர அடிக்கு என்ன கூலி, மூன்றாவது பூச்சு வந்தால் அதற்குக் கூலி உண்டா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். அவர்மீது சந்தேகப்படுவதற்காக அல்ல. வாய்ப்பேச்சில் நடக்கும் பெயிண்ட் வேலையில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இந்த ஐந்து விஷயங்களில்தான்.

மீதமாகும் நீலத்தைக் காற்றுப் புகாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, ஷேடு எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டி வையுங்கள். சிறு கீறல்களுக்கு அது உதவும். ஆனால் பெரிய கறை பட்டால் அந்த இடத்துக்கு மட்டும் தொட்டு அடிக்காதீர்கள், அடர்நிறத்தில் திட்டுத் தெரியும். மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுவதும் ஒரு பூச்சு கொடுத்துவிடுவதே சரி.